ஒளி கிருமியைக் கொல்லும். மலசலகூடக் குழியை யார் நகர்த்துவது?

வடகீழ்ப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் எமது கரையோர ஊர்களில் ஒரே விடயம் வருடா வருடம் திரும்ப நடக்கிறது. வெள்ளம் கிணற்றுக் கட்டை மேவிப் பாய்கிறது. மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிகின்றன. தண்ணீர் வடிந்த பின்னர் சுகாதார உத்தியோகத்தர்கள் குளோரினுடன் கிணறு கிணறாக வருகிறார்கள். கொதித்தாறிய நீரையே பருகுமாறு அறிவித்தல் வெளியாகிறது. 2024 நவம்பரில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்கள் மூழ்கியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதையும் உலுக்கியபோதும் இதுவே நிலைமை. இரண்டு மூன்று வாரங்கள் கடந்ததும் அறிவித்தலும் மறந்து போகிறது, கிணறும் பழைய கிணறாகவே இருக்கிறது.

இந்தப் பின்னணியில், சூரிய ஒளியை மாத்திரம் கொண்டு நீரிலுள்ள கிருமிகளைச் சில நிமிடங்களில் கொல்லும் 'நனோ' பொருட்கள் பற்றிய செய்திகள் சமூக ஊடகங்களில் வலம் வரும்போது மக்கள் மத்தியில் எதிர்பார்ப்பு எழுவது இயல்பே. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு இது. மின்கட்டணமும் எரிவாயு விலையும் ஒவ்வொரு குடும்பத்தையும் நெருக்கும் காலம் இது. வெயிலே வேலையைச் செய்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தச் செய்திகள் பொய்யானவை அல்ல. அவற்றின் பின்னால் அரை நூற்றாண்டு கால விஞ்ஞானம் இருக்கிறது. ஆனால் எமது கிணறுகளின் பிரச்சினைக்குப் பல படிகள் உள்ளன. இந்தத் தொழில்நுட்பம் தொடுவது அதில் கடைசிப் படியைத்தான். முதற்படியைத் தொடாமல் கடைசிப் படியில் பணத்தைக் கொட்டினால் பணமும் போய்விடும், வயிற்றோட்டமும் போகாது. பள்ளிவாசல் நிர்வாகங்களும், பொது அமைப்புக்களும், ஊருக்கு நல்லது செய்ய விரும்பும் தனவந்தர்களும் இதனை விளங்கிக்கொள்வது அவசியம்.

ஒளி ஊக்கி என்றால் என்ன?

தான் செலவாகாமல் ஓர் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளை ஊக்கி என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். ஒளி பட்டால் மாத்திரம் வேலை செய்யும் ஊக்கியே ஒளி ஊக்கி. இந்தத் துறைக்கு வழி திறந்தவர்கள் ஜப்பானியர்கள். டைட்டேனியம் டயொக்சைட் என்ற பொருளின் மீது ஒளி படும்போது நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிவதை அகிரா புஜிஷிமா, கெனிச்சி ஹொண்டா ஆகிய இருவரும் 1972இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். இதே பொருளைக் கொண்டு நுண்ணுயிர்களையும் கொல்லலாம் என்பதை 1985இல் மற்றொரு ஜப்பானிய ஆய்வுக்குழு காட்டியது.

டைட்டேனியம் டயொக்சைட் எமக்கு அந்நியமான பொருளல்ல. வெள்ளைப் பெயின்ற்றுக்கு வெண்மையைக் கொடுப்பது அதுதான். பற்பசையிலும் வெயிலுக்குப் பூசும் கிறீமிலும் கூட அது இருக்கிறது. அதன் மீது புற ஊதாக் கதிர் படும்போது உள்ளிருக்கும் இலத்திரன்கள் இடம்பெயர்கின்றன. இடம்பெயர்ந்த இலத்திரனும், அது விட்டுச் சென்ற வெற்றிடமும் அருகிலுள்ள நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கம் புரிந்து மிகத் தீவிரமான சில மூலிகங்களை உருவாக்குகின்றன. அவை பற்றீரியாவின் வெளிச்சுவரை அரித்து உடைக்கின்றன. சுவர் உடைந்த பற்றீரியா செத்துவிடுகிறது.

இதில் உண்மையான நன்மைகள் இருக்கின்றன. குளோரின் மணம் இல்லை. விறகோ எரிவாயுவோ தேவையில்லை. கிருமிகளை மாத்திரமன்றி, சில பீடைகொல்லிகள் போன்ற சேதனப் பொருட்களையும் இந்த மூலிகங்கள் சிதைக்கும். குளோரினுக்கு எளிதில் அடங்காத சில நுண்ணுயிர்களுக்கும் இதனால் தீர்வு காணலாம் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

அதேவேளை, ஆரம்பத்திலிருந்தே ஒரு தடையும் இருந்து வருகிறது. டைட்டேனியம் டயொக்சைட்டைத் தூண்டுவதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். எம்மை வந்தடையும் சூரிய ஒளியில் அதன் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம் மாத்திரமே. ஆகவே கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியிலும் இயங்கக்கூடிய பொருட்களைத் தேடுவதுதான் கடந்த இருபது வருட ஆய்வுகளின் பெரும்பகுதி. அவற்றுள் ஒன்று காபனும் நைதரசனும் சேர்ந்த ஒரு மஞ்சள் நிறத் தூள். வயலுக்குப் போடும் யூரியாவை 550 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கியே அதனைத் தயாரித்துவிடலாம். மலிவான மூலப்பொருளிலிருந்து கிடைப்பதால் வளர்முக நாடுகளின் ஆய்வுகூடங்களில் அதற்குத் தனி மவுசு இருக்கிறது.

ஒரு குவளை நீரும் ஒரு கிணறும்

2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு தூளை அறிமுகப்படுத்தினார்கள். அலுமினியம் ஒட்சைட், மொலிப்டினம் சல்பைட், செம்பு, இரும்பு ஒட்சைட் ஆகியவற்றின் மிக நுண்ணிய துகள்கள் சேர்ந்தது அது. ஈ.கோலை பற்றீரியா கலந்த நீரில் இதனைக் கலக்கிச் சூரிய ஒளியில் வைத்தபோது ஏறத்தாழ 60 செக்கனில் உயிருள்ள பற்றீரியா எதுவும் காணப்படவில்லை. இரும்பு ஒட்சைட் இருப்பதால் சாதாரண காந்தத்தினாலேயே தூளை வெளியே எடுத்துவிடலாம். ஒரே தூளை 30 தடவை பயன்படுத்தியும் பார்த்திருக்கிறார்கள். செய்தியாகப் பகிரப்படுவது பெரும்பாலும் இத்தகைய பரிசோதனைகள்தான்.

அந்தப் பரிசோதனையில் பயன்படுத்தப்பட்ட நீரின் அளவு 200 மில்லிலீற்றர். ஒரு குவளை நீர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிப்பதற்கு மாத்திரம் நாளொன்றுக்கு 10 லீற்றர் தேவை என்று வைத்துக்கொண்டால் அது 50 குவளை. சமைக்க, வாய் கொப்பளிக்க, பாத்திரம் கழுவ என்று கணக்கிட்டால் அது பல மடங்காகும். ஒரு மத்ரஸா விடுதியின் தேவையோ ஆயிரக்கணக்கான லீற்றர். ஆய்வுகூடத்தில் தெளிந்த நீரும், அளவான ஒளியும், தெரிந்தெடுத்த ஒரே ஒரு கிருமியும் இருக்கும். கிணற்றில் அந்த வசதிகள் எதுவும் கிடையாது.

அளவைப் பெருக்குவதில் மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தூளை நேரடியாக நீரில் கலந்தால் தாக்கம் விரைவாக நடக்கும். ஆனால் அவ்வளவு நுண்ணிய தூளை முழுமையாகத் திரும்ப எடுத்தாக வேண்டும். எடுக்கத் தவறினால் அதனையும் சேர்த்தே குடிக்க நேரிடும். உணவில் வெண்மைக்காகச் சேர்க்கப்படும் டைட்டேனியம் டயொக்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது என்பதை இங்கு நினைவில் கொள்ளலாம். இதற்கு மாற்றாகக் கண்ணாடியிலோ மட்பாண்டத்திலோ ஊக்கியைப் பூசிவிடலாம். அப்போது தூள் நீரில் கலக்காது. ஆனால் நீர் தொடும் பரப்பு குறைந்துவிடும். கிருமியைக் கொல்லும் மூலிகங்கள் கண நேரமும் நிலைப்பவை அல்ல என்பதால், பூசிய பரப்பை ஒட்டிச் செல்லும் நீருக்கே முழுப் பயனும் கிடைக்கும். வேகம் குறைகிறது, நேரம் கூடுகிறது.

எமது நிலத்தடி நீரில் என்ன இருக்கிறது?

இலங்கையின் நிலத்தடி நீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியானதல்ல. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற கிழக்குக் கரையோர ஊர்கள் மணல் மீது அமைந்தவை. இங்கு நன்னீர் என்பது கடலிலிருந்து ஊடுருவிய உவர் நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து கொண்டிருக்கிறது. மேலே பெய்யும் மழைதான் அதற்கு ஊற்று. மணல் நீரை விரைவாக உள்ளே விடும். மலசலகூடக் குழியிலிருந்து கசிவதையும் அதே வேகத்தில் உள்ளே விடும்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஐந்து பேர்ச், ஆறு பேர்ச் காணியில் வீடு கட்டியவர் 50 அடிக்கு எங்கே போவார்? தன் கிணற்றிலிருந்து தன் குழியைத் தூரத்தில் வைத்தால் அது அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதற்காக இருக்கும் வளவை இரண்டாகவும் மூன்றாகவும் பிரிக்கும் எமது வழக்கம் இந்த நெருக்கத்தை இன்னும் கூட்டியிருக்கிறது. இது யாரையும் குறை சொல்வதற்கல்ல. நாட்டில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களுள் சில எமது ஊர்கள். அந்த நெருக்கத்தின் விலையைக் கிணறுகள் கொடுத்துக் கொண்டிருக்கின்றன.

குழியிலிருந்து கிணற்றுக்கு வருவது கிருமி மாத்திரமல்ல. மலசலத்திலுள்ள நைதரசன் மண்ணுக்குள் நைத்திரேற்றாக மாறி நீரோடு சேர்கிறது. நிறமோ மணமோ சுவையோ அதற்கு இல்லை. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். எல்லை மீறினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். கற்பிட்டிக் குடாநாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பசளைப் பாவனையினால் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன. கிருமி கொல்லும் ஒளி ஊக்கி நைத்திரேற்றை அகற்றுவதில்லை. சொல்லப்போனால் நீரிலுள்ள அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றிவிடவும் கூடும்.

உவர்த்தன்மைக்கும் இதனால் தீர்வு இல்லை. புளோரைட்டுக்கும் நீரின் கடினத்தன்மைக்கும் இல்லை. புத்தளம் முதல் மன்னார் ஊடாக யாழ்ப்பாணம் வரை நீளும் சுண்ணக்கற் பிரதேசத்தின் கடின நீரில் இருகாபனேற்று அதிகம். கிருமியைத் தாக்க வேண்டிய மூலிகங்களை அந்த இருகாபனேற்றே இடையில் பிடித்துத் தின்றுவிடும். ஆய்வுகூடத்துத் தூய நீரில் காட்டிய வேகம் அங்கே கிடைக்காது. குழாய்க்கிணற்று நீர் வாளியில் நின்றதும் காவி நிறமாக மாறுவதைப் பார்த்திருப்போம். அந்த இரும்பு ஊக்கியின் மேற்பரப்பில் படிந்து ஒளியை மறைத்துவிடும்.

எனவே ஒரு கிணற்றில் எது பிரச்சினை என்று தெரியாமல் எந்தக் கருவியையும் வாங்குவது, நோய் என்னவென்று பாராமல் மருந்து வாங்குவதைப் போன்றது.

தேவை கூடும்போது வெயில் குறையும்

சூரிய ஒளியை நம்பும் எந்த முறைக்கும் எமது நாட்டில் பருவகாலம் ஒரு முக்கிய தடையாகும். கிழக்கில் கிணறுகள் மிக மோசமாக மாசடைவது நவம்பர் முதல் ஜனவரி வரையான மழை மாதங்களில். வானம் நாட்கணக்கில் மூடிக் கிடப்பதும் அதே மாதங்களில்தான். கூடவே வெள்ளத்தால் நீர் கலங்கியும் விடுகிறது. கலங்கிய நீருக்குள் ஒளி ஊடுருவாது. தேவை உச்சத்தில் இருக்கும் நாளில் ஒளி அடித்தளத்தில் இருக்கிறது. மின்குமிழ் மூலம் ஒளி கொடுக்கலாம். ஆனால் வெள்ள நாட்களில் முதலில் துண்டிக்கப்படுவது மின்சாரம்தான்.

ஊக்கி எதுவுமே இல்லாமல் வெயிலை மாத்திரம் கொண்டு நீரைச் சுத்திகரிக்கும் எளிய முறையொன்றும் இருக்கிறது. லெபனானில் உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அப்திம் அக்ராவும் அவரது குழுவினரும் இதனை ஆராய்ந்து 1980இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி போன்ற கரைசலை வெயிலில் வைத்தே கிருமி நீக்கலாம் என்பது அவர்களது கண்டுபிடிப்பு. பின்னர் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதனைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் வைக்க வேண்டும். மூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை.

அந்த இலவச முறைக்கு என்ன நேர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பொலிவியாவின் கிராமங்களில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான பெரிய கள ஆய்வொன்றில், பயிற்சி கொடுத்த குடும்பங்களில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கினரே அதனைத் தொடர்ந்து பயன்படுத்தினர். குழந்தைகளின் வயிற்றோட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய குறைவு தென்படவில்லை. முறையில் பிழையில்லை. தினமும் காலையில் போத்தல் நிரப்பி, கூரையில் வைத்து, மாலையில் இறக்கும் வேலையை வீட்டில் ஒருவர் செய்ய வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய்தான். ஏற்கெனவே பத்து வேலை தலையில் இருக்கும் ஒருவருக்குப் பதினோராவது வேலையாக வருவது எதுவும் நீண்ட நாள் நிலைப்பதில்லை.

ஏற்கெனவே படித்த இரு பாடங்கள்

நீர் விடயத்தில் நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதை இந்த நாடு இரண்டு தடவை கற்றிருக்கிறது.

முதலாவது, 2004 சுனாமி. உவர் நீர் புகுந்த கிழக்குக் கரையோரக் கிணறுகளைச் சுத்தப்படுத்தப் பலரும் ஓடி வந்தார்கள். இயந்திரம் வைத்துக் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். ஆனால் இறைத்ததால் பெரிய பயன் கிடைக்கவில்லை என்றும், உவரைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மழைதான் என்றும் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. அளவுக்கு மீறி இறைக்கும்போது கீழேயுள்ள உவர் நீர் மேலே ஏறும் அபாயமும் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நிலத்துக்கடியில் என்ன நடக்கிறது என்று அறியாமல் செய்தார்கள்.

இரண்டாவது, ரஜரட்டையில் சிறுநீரக நோய் பரவிய பிரதேசங்களில் அமைக்கப்பட்ட ஆர்.ஓ. நீர் சுத்திகரிப்பு நிலையங்கள். கடற்படையினர் மாத்திரமே நூற்றுக்கணக்கில் அமைத்துள்ளனர். அவற்றால் பல கிராமங்கள் பயனடைந்தன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் சவ்வு மாற்றுவது, பழுது பார்ப்பது, கழிவாக வெளியேறும் உவர் நீரை எங்கே விடுவது போன்ற கேள்விகள் திறப்பு விழாவுக்குப் பின்னரே எழுந்தன. ஊரில் பொறுப்பான சங்கம் இருந்த இடங்களில் நிலையம் ஓடும். இல்லாத இடங்களில் பெயர்ப் பலகைதான் மிஞ்சும்.

எமது சமூகத்தில் கிணறு தோண்டுவதும் குடிநீர் வழங்குவதும் ஸதகத்துல் ஜாரியா என்ற நிய்யத்தோடு செய்யப்படும் காரியங்கள். வெளிநாட்டு உதவியிலும் உள்ளூர்த் தனவந்தர்களின் பணத்திலும் எத்தனையோ கிணறுகளும் சுத்திகரிப்புக் கருவிகளும் கிடைத்திருக்கின்றன. ஜாரியா என்றாலே தொடர்ந்து ஓடுவது என்றுதான் பொருள். கருவி ஒரு வருடத்தில் நின்றுவிட்டால் அந்த நிய்யத்துக்கு நாம் செய்யும் மரியாதை என்ன?

புல்மோட்டை மணலும் எமது பங்கும்

ஒளி ஊக்கி விடயத்தில் இலங்கை வெறும் நுகர்வோராக மாத்திரம் இருக்க வேண்டியதில்லை. இந்தத் துறையின் பிரதான பொருளான டைட்டேனியம் டயொக்சைட்டின் மூலம் எமது கடற்கரையிலேயே கிடக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரையிலுள்ள கறுப்பு மணல் இல்மனைற்று, ரூடைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்தது. உலகளவில் பேசப்படும் செழிப்பான படிவுகளில் அதுவும் ஒன்று. இல்மனைற்றிலும் ரூடைலிலும் இருப்பது டைட்டேனியம்தான். தசாப்தங்களாக இந்த மணல் பெரும்பாலும் கனியம் பிரித்த நிலையிலேயே கப்பலேறுகிறது. அதிலிருந்து உயர் பெறுமதியான பொருள் வேறு நாட்டில் உருவாகி, பெயின்ற்றாகவும் பற்பசையாகவும் எமக்கே திரும்பி வருகிறது. கடற்கரையைக் கொடுத்த புல்மோட்டை மக்களுக்கு எஞ்சியது என்ன என்ற கேள்வியும் அங்கே நீண்ட காலமாக இருக்கிறது.

இல்மனைற்றிலிருந்து டைட்டேனியம் டயொக்சைட்டைப் பிரித்தெடுக்கும் ஆய்வுகள் இலங்கையில் நடந்துதான் வருகின்றன. அதனை நீர்ச் சுத்திகரிப்புடன் இணைத்து, எமது கிணற்று நீரிலேயே பரிசோதிக்கும் முயற்சிதான் இப்போது தேவை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டையும் சுற்றி இருப்பவை நாம் மேலே பேசிய மணற் கிணறுகள். காவி படிந்த நீரில், உவர் கலந்த நீரில், டிசம்பர் மாத மூட்டத்தில் ஓர் ஊக்கி எவ்வளவு வேலை செய்கிறது என்று இங்கே அளந்தால் அது உலகத்துக்கே பயனுள்ள அறிவாகும்.

இதிலும் மிகைப்படுத்தல் கூடாது. நீர்ச் சுத்திகரிப்புக்குத் தேவைப்படும் அளவு பெயின்ற் கைத்தொழில் வாங்கும் அளவுக்கு முன்னால் மிகச் சொற்பம். நீரைச் சுத்தப்படுத்துவதற்காக என்று பெரிய தொழிற்சாலை வரப்போவதில்லை. அப்படி ஒன்று வந்தாலும், இல்மனைற்றைச் சல்பூரிக் அமிலத்தில் கரைத்துப் பிரித்தெடுக்கும் முறை பெருமளவு அமிலக் கழிவை விட்டுச் செல்லும். அந்தக் கழிவு முறையாகக் கையாளப்படாவிட்டால் புல்மோட்டையின் நிலத்தடி நீரே பலியாகும். ஓர் ஊரின் கிணற்றைக் கெடுத்து மற்ற ஊர்களின் கிணற்றைச் சுத்தப்படுத்துவதில் நியாயமில்லை.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

'நனோ', 'சோலார்', 'ஒளி ஊக்கி' என்ற பெயர்களோடு யாராவது ஒரு கருவியைக் கொண்டு வந்தால் பள்ளிவாசல் நிர்வாகமோ பாடசாலை அபிவிருத்திக் குழுவோ குறைந்தபட்சம் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, எமது கிணற்று நீரில் சோதித்தீர்களா, அல்லது ஆய்வுகூட நீரிலா? இரண்டாவது, மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர், மூட்டமான நாளில் எத்தனை? மூன்றாவது, வெளிவரும் நீரில் 100 மில்லிலீற்றருக்கு ஈ.கோலை ஒன்றுகூட இல்லை என்று சுயாதீன ஆய்வுகூட அறிக்கை இருக்கிறதா? இலங்கைக் குடிநீர்த் தரம் கேட்பது அதைத்தான். நான்காவது, ஊக்கித் துகள் நீரோடு வெளியே வராது என்பதற்கு என்ன ஆதாரம்? ஐந்தாவது, பூச்சு எத்தனை மாதம் தாங்கும், மாற்ற எவ்வளவு செலவாகும், யார் மாற்றுவார்? ஆறாவது, சுத்தமான நீர் தாங்கியில் தேங்கும்போது மீண்டும் கிருமி சேர்ந்தால் என்ன செய்வது?

கடைசிக் கேள்வி குறிப்பாக முக்கியமானது. குளோரின் நீரில் சிறிதளவு தங்கி நின்று, தாங்கியிலும் குழாயிலும் புதிதாக வரும் கிருமியையும் தடுக்கும். ஒளி ஊக்கியின் வேலை ஒளி நின்றதும் நின்றுவிடும். மாடியில் மூடி திறந்து கிடக்கும் தாங்கிக்குள் அந்த நீரை ஏற்றினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

இப்போதே செய்யக்கூடியவை

தொழில்நுட்பம் முதிர்ச்சியடையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றைக்கே செய்யக்கூடிய விடயங்கள் இருக்கின்றன. முதலில் நீரைப் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசல், பாடசாலை, மத்ரஸா ஆகியவற்றின் கிணறுகளிலிருந்தாவது மழைக்கு முன்பும் பின்பும் மாதிரி எடுத்து ஈ.கோலை, நைத்திரேற்று, உவர்த்தன்மை ஆகிய மூன்றையும் பார்க்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியவற்றினூடாக இதற்கு வழி இருக்கிறது. ஒரு கருவியின் விலையில் எத்தனையோ கிணறுகளைப் பரிசோதித்துவிடலாம். முடிவுகளை ஊர் வரைபடத்தில் குறித்து மக்கள் பார்க்கும்படி தொங்கவிட வேண்டும்.

அடுத்தது குழி. 50 அடி இடைவெளி சாத்தியமில்லாத ஊர்களில் அடிப்பகுதி மூடிய, கசியாத குழிகளும், அவற்றை ஒழுங்காக அகற்றும் பவுசர் சேவையும், அந்தக் கழிவைச் சுத்திகரிக்கும் இடமும் தேவை. இது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் பொறுப்பு. வீதிக்குக் கொங்கிறீட் கேட்டு வாக்களிக்கும் நாம் மலசலகூடக் கழிவு முகாமைத்துவத்தைக் கேட்டு எந்தத் தேர்தலில் வாக்களித்திருக்கிறோம்? கேட்காததை எந்த அரசியல்வாதியும் தரப்போவதில்லை.

குழாய் நீர் கிடைக்கும் வீடுகள் குடிக்கவும் சமைக்கவும் அதனையே பயன்படுத்தி, கிணற்று நீரை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. கிணற்றையே குடிக்க நம்பியிருப்பவர்கள் நீரைக் கொதிக்க வைக்கலாம். வெள்ளத்துக்குப் பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி கிணற்றுக்குக் குளோரின் இடலாம். கிணற்றுக் கட்டை உயர்த்தி, சுற்றிச் சீமெந்துத் தளம் போட்டு, மூடியும் வைத்தால் வெள்ள நீர் நேரடியாகப் புகுவது பெருமளவு குறையும். இவை எதுவும் புதுமையானவை அல்ல. செய்தியாகப் பகிரும் கவர்ச்சியும் இவற்றுக்கு இல்லை. ஆனால் நோயைக் குறைப்பவை இவைதான்.

ஒளி ஊக்கி நாளைக்கு எமக்கு உதவக்கூடும். பரிசோதித்த கிணறு, கசியாத குழி, மூடிய தாங்கி, பராமரிக்க ஆள் என்ற நான்கும் இருக்கும் ஊரில் அது எஞ்சிய கிருமிக்கு ஒரு பாதுகாப்பு வேலியாக அமையும். அந்த நான்கும் இல்லாத ஊரில் அது இன்னொரு பெயர்ப் பலகையாக நிற்கும். அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் உங்கள் பள்ளிவாசல் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை நிர்வாகத்திடம் இருக்கிறதா என்று ஒரு ஜும்ஆ முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். வேலை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.